ஜெயோமெத்ராவின் முழுக்கோடு

அவருடைய பெயரை நான் எழுதப் போவதில்லை. மறந்துபோனதால் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஐந்து வருஷத்துக்கு மேலாக அவருடைய மாத்திரைப் பெட்டிகளிலும் ஆஸ்பத்திரிக் கடதாசிகளிலும் அந்தப் பெயரைப் பார்த்துப் பார்த்து எனக்கு நன்றாகப் பாடம். எழுத மாட்டேன், அவ்வளவுதான். ஏன் என்பது போகப்போக விளங்கும்.

பலெர்மோவில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்களும் குறைவு. பேப்பர் கடைக்காரன், மருந்துக்கடைப் பெண், லிப்ட் திருத்த வருகிறவன், எல்லோருக்கும் அவர் 'ஜெயோமெத்ரா'. ஊரில் சர்வேயர் என்போமே, அதுதான். டாக்டரை டாக்டர் என்று கூப்பிடுவது போல இங்கே நிலம் அளக்கிறவரையும் தொழிலைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அவருக்கு அது பிடிக்கும். பெயர் அப்பா தந்தது, இது நடந்து எடுத்தது என்பார்.

அவர் என்னோடு பேசியது இத்தாலியன். அதுவும் பழைய காலத்து மரியாதையான இத்தாலியன். வேலைக்காரிதானே என்று ஒருநாளும் வாய் தவறியதில்லை. ஆனால் எனக்கு அவர் சொன்னதெல்லாம் எங்கள் யாழ்ப்பாணத் தமிழில்தான் ஞாபகம் இருக்கிறது. காதில் விழும்போதே அப்படி மாறி விழுந்துவிடும். அப்படியே எழுதுகிறேன்.

இரண்டாயிரத்து இரண்டாம் ஆண்டு நான் வேலைக்குப் போனபோது அவருக்குத் தொண்ணூற்றொரு வயது. லிபெர்த்தா வீதியில் நாலாம் மாடியில் பெரிய வீடு. மனைவி போய்ச் சேர்ந்து கனகாலம். வாசலிலிருந்து குளியலறை வரை ஒரு நீண்ட கொரிடோர். அதில் நடக்கும்போது அவருடைய உதடு அசையும். செபம் சொல்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, அடி எண்ணுகிறார். நூறு அடிக்கு ஒரு கொண்டைக்கடலையை வலது பையிலிருந்து இடது பைக்கு மாற்றுவார். இத்தாலிக்காரர் லிபியாவைப் பிடித்து வைத்திருந்த காலத்தில் இவர் அங்கே தெற்கு மணலில் வரைபடம் போடப் போனவர். மற்றவர்கள் ஒட்டகத்தில் போக இவர் மட்டும் கீழே நடப்பாராம். ஏறினால் எண்ணிக்கை தப்பிவிடும். அங்கே கூழாங்கல், இங்கே கடலை. நான் பையைத் தட்டிப் பார்க்காமல் காற்சட்டையை மெஷினில் போட்ட நாள்களில் கடலை ஊறி வெடித்து மேசைத் துணியெல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கும்.

ஒவ்வொரு ஜனவரியும் கொரிடோரில் அளவு நாடாவை விரிக்கச் சொல்வார். சுவரைப் பிடிக்காமல் பத்து அடி நடப்பார். பிறகு கதிரையில் இருந்து, பிரித்துப் பார்த்து, ஓர் அடி எவ்வளவு என்று கொப்பியில் எழுதுவார். இளமையில் எழுபத்தாறு சென்ரிமீற்றர். நான் பார்த்த முதல் ஜனவரியில் நாற்பத்தொன்று.

"குறைஞ்சு போச்சுது" என்றேன், என்னத்தையாவது சொல்ல வேண்டுமே என்று.

"குறையட்டும். எவ்வளவு குறைஞ்சதெண்டு எனக்குத் தெரியும். மற்றக் கிழவருக்குத் தெரியாது" என்றார்.

அதே கொப்பியில் என்னையும் எழுதி வைத்தார். 'தமிழ்ப் பெண், 7.58.' மறுநாள், 'தமிழ்ப் பெண், 8.03, பஸ் பிந்தியது.' நான் குடியிருந்த பிரான்காச்சோவிலிருந்து இரண்டு பஸ் மாறி வர வேண்டும். பஸ் பிந்தியது என்று நான் சொன்னதை அவர் அப்படியே நம்பி எழுதவில்லை. ஜன்னலால் எட்டிப் பார்த்து, பஸ் எத்தனை மணிக்கு வந்தது என்று பார்த்துத்தான் எழுதினார்.

வந்தவர்கள் இருக்கும் அறைச் சுவரில் கண்ணாடி போட்ட ஒரு வரைபடம் தொங்கியது. அவர் போட்டது. முழுக்க மஞ்சள் மணல், அங்கங்கே கோடுகள், கிணறு இருக்கும் இடங்களில் சின்ன நீல வட்டங்கள். நான் தூசி துடைக்கும்போது தடியால் தொட்டுத் தொட்டுச் சொல்லித் தந்தார். முழுக்கோடு என்றால் நடந்து பார்த்த பாதை. புள்ளிக்கோடு என்றால் யாரோ சொல்லக் கேட்ட பாதை. படத்தின் தென்கோடியில் ஒரு முழுக்கோடு தனியாக நீண்டு போய் ஒரு நீல வட்டத்தில் முடியும். அதற்கப்பால் ஒன்றுமில்லை.

"கால் வைக்காத இடத்திலை முழுக்கோடு போடப்படாது. என்ரை தொழில் அவ்வளவுதான்" என்பார்.

தொழில் மட்டுமில்லை, மனிதரே அவ்வளவுதான். அவருடைய மகள், நான் சின்யோரா என்று கூப்பிடுகிறவர், "ஞாயிறு கட்டாயம் வாறன் அப்பா" என்று போனில் சொன்னால், வைத்துவிட்டு என்னைப் பார்த்து "புள்ளிக்கோடு" என்பார். நூறு வயது வரை இருப்பீர்கள் என்று டாக்டர் முதுகில் தட்டினால், "புள்ளிக்கோடு." எனக்கும் அது தொற்றிக்கொண்டது. என்னோடு ஒரே வீட்டில் இருந்த புனிதா, தம்பிக்குக் கனடா விசா வந்த மாதிரித்தான் என்று சொன்னால் நான் "புள்ளிக்கோடு" என்பேன். அவள் அகப்பையைத் தூக்கிக்கொண்டு வருவாள்.

ஒருமுறை கீழே வண்டிலில் மந்தரின் விற்கிறவன், இது சியாகுல்லிப் பழம், என் மச்சானின் தோட்டம் என்று சத்தியம் செய்து தந்துவிட்டான். மார்ச் மாதம். அந்த நேரத்தில் இனிக்கிற மந்தரின் என்றால் சியாகுல்லிதான் என்று இந்த ஊரில் எல்லோரும் சொல்வார்கள். இவர் ஒரு சுளையை வாயில் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "போய்ப் பாத்திட்டு வாரும்" என்றார். நான் பகிடி என்று நினைத்தேன். பகிடியில்லை. பஸ் பிடித்து சியாகுல்லிக்குப் போய், மச்சான்காரனைத் தேடிப் பிடித்து, மரத்தைப் பார்த்து, ஒரு கொப்பு இலையோடு திரும்பி வந்தேன். அரை நாள் போயிற்று. இலையை முகர்ந்து பார்த்துவிட்டு மிச்சப் பழத்தைச் சாப்பிட்டார். எனக்கு எரிச்சல் வந்தது, சிரிப்பும் வந்தது. இப்படி ஒரு மனிதரிடம் வேலை செய்கிறேன் என்று ஒரு பெருமையும் வந்தது. பொய் சொல்லக் கூடாது, வந்தது.

வந்த புதிதில் எனக்கு இத்தாலியன் கால்வாசிதான் விளங்கும். ஆனாலும் விளங்கவில்லை என்று சொல்ல வாய் வராது. எங்கள் ஆட்கள் எல்லோரிடமும் இருக்கிற வியாதி இது. வேலை தருகிறவர் எதைக் கேட்டாலும் தலையை ஆட்டி 'ஓம், ஓம்' என்று சொல்லிவிடுவது, பிறகு குசினிக்குள் போய் என்ன கேட்டார் என்று யோசிப்பது. இத்தாலியனில் 'சி' என்று சொல்லவும் மறந்து எனக்கு ஓம்தான் வரும். ஒருநாள் அவர் முகத்தை மாற்றாமல் ஏதோ கேட்டார்.

"ஓம்" என்றேன்.

இன்னொன்று கேட்டார். அதற்கும் ஓம். சிரிக்கத் தொடங்கிவிட்டார். சிரித்து இருமி, நான் தண்ணீர் கொடுத்து ஆற்ற வேண்டியதாயிற்று. பிறகு ஒவ்வொரு சொல்லாக மெதுவாகச் சொல்லி விளங்கப்படுத்தினார். முதலாவது கேள்வி, 'நான் நேற்றுச் செத்துப் போனேனோ?' இரண்டாவது, 'அப்ப நீர்தான் என்னைத் தாட்டனீரோ?'

நானும் சிரித்தேன். ஆனால் அவர் முகம் திடீரென்று மாறிவிட்டது.

"உம்மைப் போலை ஒருத்தன் இருந்தவன், அங்கை. எதைக் கேட்டாலும் ஓம். விளங்காட்டில் விளங்கேல்லை எண்டு சொல்லும். ஓமெண்டு சொல்லுறது லேசுப்பட்ட காரியமில்லை."

யார் அவன் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன மாறியிருக்கும் என்று பிறகு பல நாள் யோசித்திருக்கிறேன்.

அவரை நம்பியதற்கு என்னிடம் காரணம் இருந்தது. அந்த வருஷம்தான் வீட்டு வேலை செய்கிறவர்களுக்கு விசா கொடுத்தார்கள். வேலை தருகிறவர் எழுதிக் கொடுக்க வேண்டும். சின்யோரா கடதாசியை நிரப்பும்போது நாளுக்கு நாலு மணித்தியாலம் என்று போட்டார். அந்தக் கணக்கில் பெர்மெஸ்ஸோ, அதுதான் விசாக் கடதாசி, கிடைக்குமோ கிடைக்காதோ என்று பயந்தேன். கிழவர் கொப்பியைக் கொண்டுவரச் சொன்னார்.

"எட்டு மணித்தியாலம் வேலை செய்யிறா. கிழமைக்கு ஆறு நாள். எல்லாம் இதுக்குள்ளை இருக்கு. உள்ளதை எழுது."

"அப்பா, எல்லாரும் இப்பிடித்தான் எழுதுகினம்."

"எல்லாரும் செய்யிறது எனக்குத் தேவையில்லை" என்றார்.

பெர்மெஸ்ஸோவைக் கையில் வாங்கிய அன்று க்வெஸ்தூரா என்ற பொலிஸ் கந்தோர் வாசலில் நின்று அழுதேன். அது இல்லாவிட்டால் என் பிள்ளையைக் கூப்பிட வழியே இல்லை. தர்ஷிக்கு அப்போது ஆறு வயது. அவளுடைய அப்பா அவள் பிறந்த வருஷமே இல்லாமல் போய்விட்டார். கிளிநொச்சியில் என் அக்காவிடம் அவளை விட்டுவிட்டுத்தான் நான் வெளிக்கிட்டேன்.

பெர்மெஸ்ஸோ மட்டும் போதாது. பிள்ளையைக் கூப்பிட வீட்டுக் கடதாசி வேண்டும். இத்தனை பேருக்கு இத்தனை சதுர மீற்றர் என்று ஓர் அளவு இருக்கிறது. ஒரு ஜெயோமெத்ரா வீட்டை அளந்து, படம் வரைந்து, முத்திரை குத்தித் தர வேண்டும். இரண்டாயிரத்து ஆறில் மற்றதெல்லாம் சரிவந்து இது ஒன்றுதான் மிச்சம். எங்கள் ஆட்கள் எல்லோரும் ஸ்டேஷன் பக்கம் ஒருவரிடம் போவார்கள். அவர் வீட்டை வந்து பார்க்கவும் மாட்டார். எத்தனை பேர் என்று கேட்பார், அதற்குத் தகுந்த மாதிரி மேசையிலிருந்தே வீட்டை வரைந்து தருவார்.

நானும் அங்கே போயிருக்கலாம். "என்ரை ஜெயோமெத்ரா இருக்க நான் ஏன் அங்கை போறன்?" என்று புனிதாவிடம் மூக்கைத் தூக்கிக்கொண்டு சொன்னது நான்தான்.

அவரிடம் சொன்னபோது அவருடைய முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும். ஓய்வு எடுத்து முப்பது வருஷமாகியும் சங்கத்தில் பெயரை வெட்டாமல் வைத்திருந்தார். முத்திரை அலுமாரியில் இருந்தது. துடைக்கச் சொன்னார். "நானே வாறன்" என்றார். தொண்ணூற்றைந்து வயதில், டாக்ஸி பிடித்து, பிரான்காச்சோவுக்கு வந்து, லிப்ட் வேலை செய்யாத கட்டடத்தில் இரண்டு மாடி ஏறினார். படிகளையும் எண்ணினார். புனிதா பற்றீஸ் பொரித்து வைத்திருந்தாள். வேலை முடியாமல் வாயில் வைக்க மாட்டேன் என்றுவிட்டார்.

நாடாவின் ஒரு முனையை நான் பிடித்தேன், மறு முனையை அவர் பிடித்தார். அறை. மற்ற அறை. குசினி. கடைசியில் பல்கனி.

பலெர்மோவில் பல்கனியை யாரும் பல்கனியாக விட்டு வைப்பதில்லை. அலுமினியமும் கண்ணாடியும் போட்டு அடைத்து ஓர் அறையாக்கிவிடுவார்கள். எங்கள் வீட்டுச் சொந்தக்காரனும் அப்படித்தான் செய்திருந்தான். அதில்தான் தர்ஷிக்குக் கட்டில் போட்டிருந்தேன். முயல் படம் போட்ட விரிப்பு விரித்திருந்தேன். அம்மா, கட்டில் வாங்கிட்டியளோ என்று அவள் போனில் ஒவ்வொரு முறையும் கேட்பாள். வாங்கியாச்சு என்று சொல்லி ஒரு மாதம் ஆகியிருந்தது.

அவர் கட்டிலைப் பார்த்தார். பிறகு குசினிச் சுவரைத் தடியால் தட்டினார்.

"வெளிச்சுவர் இது. இதோடை வீடு முடிஞ்சுது."

"ஐயா, இது அறை மாதிரித்தானே. மழை வராது, காத்து வராது."

"அறை மாதிரி. அறையில்லை."

"இதை விட்டால் அளவு காணாது. கொஞ்சந்தான் குறையும், ஒரு பாய் விரிக்கிற இடம். உங்கடை கையாலை ஒரு கோடு."

"கவலைப்படாதையும்" என்றார். மிகவும் அன்பாகத்தான் சொன்னார். "நான் மறைக்க மாட்டன். இருக்கிறதைக் காட்டுவன். புள்ளிக்கோடு போட்டு இதையும் வரைஞ்சு தாறன்."

எனக்கு அது உதவி என்றே பட்டது. பல்கனியையும் படத்தில் சேர்க்கிறார் என்று நினைத்துப் பற்றீஸை இரண்டாக வைத்துக் கொடுத்தேன்.

வீட்டுக் கடதாசி கொடுக்கிற அலுவலகத்தில் இருந்த பெண் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இந்தப் புள்ளிக்கோடு என்ன?" என்றாள். சொன்னேன். பெருமூச்சு விட்டாள். "சின்யோரா, இது முழுக்கோடாக இருந்திருந்தால் நான் கேட்டிருக்கவே மாட்டேன்" என்றாள். கெட்டவள் இல்லை. ஆனால் முத்திரை குத்திய படம் பதிவாகிவிட்டது. அந்த வீட்டை இனி இன்னொருவர் வேறு மாதிரி அளந்து கொடுக்க முடியாது. வேறு வீடு பிடித்து, வேறு படத்தோடு வா என்றாள். அது ஜூன் மாதம்.

வெளிநாட்டுக்காரிக்கு வீடு தருகிறவன் எங்கே இருக்கிறான்? தேடித் திரிந்துகொண்டிருக்கும்போதே ஆவணியில் ஊரில் வன்னிக்குப் போய்வரும் பாதை பூட்டுப்பட்டது. சண்டை திரும்பத் தொடங்கிவிட்டது. பாஸ் இல்லாமல் வன்னியை விட்டு ஒருவரும் வெளிக்கிட முடியாது என்று அக்கா சொன்னாள். ஜூனில் பஸ் ஏறினால் அடுத்த நாள் கொழும்பு. ஆவணியில் அது வேறு உலகம். நான் ஐப்பசியில் வீடு பிடித்தேன். ஸ்டேஷன் ஜெயோமெத்ரா மேசையை விட்டு எழும்பாமல் வரைந்து கொடுத்தார். எல்லாம் முழுக்கோடு. இல்லாத ஓர் அறைகூட அதில் இருந்தது. கடதாசி கையில் இருந்தது, பிள்ளைதான் இல்லை.

கிழவரிடம் பாதை பூட்டுப்பட்டதைச் சொன்னேன். கொப்பியை எடுத்து எதையோ எழுதினார். வருத்தப்பட்டார், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் ஒருநாளும், நான் பிழை விட்டிட்டன் என்று சொல்லவில்லை. நானும் அவரோடு கதைப்பதைக் குறைத்தேன். மருந்து, சாப்பாடு, குளிப்பு. கோபம் என்றால் அவரிடம் கோபப்பட எனக்கு வழியில்லை. பொய் சொல்லாத மனிதரிடம், ஏன் நீ பொய் சொல்லவில்லை என்று எப்படிச் சண்டை பிடிப்பது? அந்த நேரமும் அவரை மதித்தேன். என் விதி என்று என்னை ஆற்றிக்கொண்டேன்.

அடுத்த வருஷம் ஒரு காலையில், குளியலறை ஜன்னல் ஓரத்தில் அவரை இருத்தி முகம் வழித்துக்கொண்டிருந்தேன். ஒரு கன்னம் முடிந்தது.

"நீர் இப்ப என்னோடை கதைக்கிறேல்லை" என்றார்.

"வேலை நடக்குதுதானே."

"ஒரு விஷயம் சொல்லுறன். ஒருத்தருக்கும் சொல்லாதது. என்ரை மகளுக்கும் தெரியாது. படத்திலை தென்கோடியிலை ஒரு கோடு இருக்கெல்லே, கிணத்திலை முடியிறது. அது நான் நடக்காதது."

என் கை நின்றது.

"ரெண்டு நாள் நடை மிச்சம் இருந்தது. கப்பலுக்கு நாள் குறிச்சாச்சு. இஞ்சை கலியாணத்துக்குக் கோயில் சொல்லியாச்சு, அவள் காத்துக்கொண்டிருக்கிறாள். வழிகாட்டியைக் கேட்டன், அங்கை கிணறு இருக்கோ எண்டு. ஓமெண்டான். தண்ணி நல்லதோ? ஓம். வருஷம் முழுக்க நிக்குமோ? ஓம். அவனுக்கும் வீட்டை போற அவசரம். கூடாரத்துக்குள்ளை இருந்தபடியே வரைஞ்சன்."

"புள்ளிக்கோடாய்ப் போட்டிருக்கலாமே."

"புள்ளிக்கோடு போட்டால், திரும்பிப் போய் முடிச்சிட்டு வா எண்டு சொல்லுவினம். கப்பல் போயிடும்."

நுரை அவருடைய காதுக்குக் கீழே வழிந்தது. நான் துடைக்கவில்லை.

"அடுத்த குளிர்காலம் ஏழு பேர் அந்தக் கோட்டைப் பிடிச்சுக்கொண்டு போனவை. எங்கடை ஆக்கள் ரெண்டு பேர், ஒட்டகக்காரர் அஞ்சு பேர். திரும்பேல்லை. கிணறு வத்திப்போச்சுதெண்டு எழுதிச்சினம். நான் பேசாமல் இருந்திட்டன். எங்கடை ஆக்கள் ரெண்டு பேற்றை பேரும் கல்லிலை வெட்டியிருக்கு."

"அந்த வழிகாட்டியின்ரை பேர் என்ன?"

"ஆற்றை?"

"ஓமெண்டு சொன்னவன்ரை."

யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். எத்தனை அடி நடந்தார், எத்தனை பாகை வெயில் என்பதெல்லாம் பழைய கொப்பிகளில் இருந்தன. நானும் அவற்றைத் தூசி தட்டும்போது பார்த்திருக்கிறேன். 'வழிகாட்டி' என்று மட்டும்தான் இருக்கும், நான் 'தமிழ்ப் பெண்' என்று இருப்பதைப் போல.

"ஞாபகம் இல்லை" என்றார். பிறகு என் கையைப் பிடித்தார். "அண்டைக்குப் பிறகு என்ரை வாழ்க்கையிலை ஒரு பொய்க்கோடும் போட்டதில்லை. உம்மடை பல்கனியிலையும் போடேல்லை. இப்ப விளங்குதோ?"

எனக்கு ஆறுதல் சொல்கிறார்! தன்னிடம் உள்ளதிலேயே பெரிய பொருளை எடுத்துத் தருகிறவர் மாதிரி சொல்கிறார்.

"உங்கடை கலியாணத்துக்கு முழுக்கோடு. என்ரை பிள்ளைக்குப் புள்ளிக்கோடோ?"

என் இத்தாலியன் அந்த ஒரு நாள்தான் தடக்கவில்லை.

"அதாலைதான்" என்றார்.

ஒரு கன்னத்தில் நுரையோடு அவரை அப்படியே விட்டுவிட்டுக் குசினிக்குள் போனேன். குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். எனக்குத் துக்கம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அவர் எப்போதும் நேராக இருந்தவர் என்றால் நான் பொறுத்திருப்பேன். எப்போதும் கள்ளர் என்றால் அவரிடம் போயே இருக்க மாட்டேன். வீட்டுக்குப் போகிற அவசரம் என்றால் என்ன என்று தெரிந்த மனிதர். ஒரு கோட்டை முழுதாக இழுத்தால் ஒருவர் இன்னொருவரிடம் வந்து சேரலாம் என்று தெரிந்த மனிதர். தனக்கு இழுத்துக்கொண்டார். பிறகு அந்தப் பாவத்தைக் கழுவ என் பிள்ளையின் கட்டிலைப் பிடித்தார். ஏழு பேரில் ஒருவருக்கும் அதனால் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடைக்கவில்லை.

நுரை காய்ந்திருக்கும் என்று ஞாபகம் வந்தது. திரும்பிப் போய், புதிதாக நுரை போட்டு, மற்றக் கன்னத்தையும் வழித்து முடித்தேன். அந்த ஜனவரியில் அவருடைய அடி இருபத்தாறு சென்ரிமீற்றராகியிருந்தது.

ஏன் வேலையை விடவில்லை என்று புனிதா கேட்டாள். பெர்மெஸ்ஸோ புதுப்பிக்க வேலை வேண்டும் என்றேன். உண்மைதான், ஆனால் பாதி. ஒருவர் உன்னை ஏமாற்றிவிட்டார் என்று தெரிந்த அன்றே அவர்மேல் உள்ள விருப்பம் போய்விடுவதில்லை. அதுதான் இதில் பெரிய வில்லங்கம். கடலைகளைத் தொடர்ந்து பைகளிலிருந்து பொறுக்கினேன்.

இரண்டாயிரத்து எட்டு மாசியில் அவர் போனார். ஒருநாள் காய்ச்சல், அவ்வளவுதான். கோயிலில் பூசை முடிந்து வீட்டுக்கு வந்தவர்களுக்கு நான் கோப்பி ஊற்றிக்கொண்டிருந்தேன். சின்யோரா வரைபடத்துக்கு முன்னால் நின்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

"என்ரை அப்பா தன்ரை வாழ்நாளிலை ஒரு பொய்க்கோடு போட்டதில்லை. ஒண்டுகூட." கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "உமக்குத்தானே எல்லாரையும் விட நல்லாத் தெரியும். சொல்லும், அப்பிடித்தானே?"

அறை முழுக்க என்னைப் பார்த்தது. தட்டு என் கையில் இருந்தது.

"ஓம்" என்றேன்.

அந்த வீட்டில் அந்தச் சொல் எல்லோருக்கும் விளங்கும். சின்யோரா என்னைக் கட்டிப் பிடித்து அழுதார். படத்தைச் சுவரிலிருந்து கழற்றி, துணியால் சுற்றி, எனக்கே தந்துவிட்டார். அதை வீட்டுக்குக் கொண்டுவந்து அலுமாரிக்குப் பின்னால் சுவரைப் பார்க்க வைத்தேன்.

அதற்குப் பிறகு வந்த வருஷத்தைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை. மாசத்துக்கு ஒருமுறை வந்த போன் நின்றது. பிறகு டிவியில் கடற்கரையைக் காட்டினார்கள். ஒவ்வொரு கூட்டத்திலும் அவளைத் தேடினேன். கடைசியில் முள்வேலி முகாமிலிருந்து அக்காவின் குரல் வந்தது. தர்ஷி உயிரோடு இருக்கிறாள் என்றாள். மூன்று முறை சொல்ல வைத்தேன்.

இரண்டாயிரத்து ஒன்பது முடிகிற மாதம் அவள் பலெர்மோவில் வந்து இறங்கினாள். பதின்மூன்று வயது. முயல் விரிப்புக் கட்டிலில் கால் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. ஷெல் விழுந்த இடத்துக்குப் பக்கத்தில் நின்றதால் இடது காது கேட்காது. கேட்காவிட்டால், கேட்கவில்லை என்று சொல்ல மாட்டாள். சிரித்துக்கொண்டு ஓம் என்பாள். ஆமிக்காரன் கேட்டதற்கும் அப்படித்தான் சொன்னாளாம், டாக்டர் கேட்டதற்கும் அப்படித்தானாம். அவளோடு பேசும்போது வலது பக்கம் போய் நிற்க நான் பழகிக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிறு காலை, புத்தகப் பைக்கு இடம் தேடியவள் அலுமாரிக்குப் பின்னாலிருந்து படத்தை இழுத்து எடுத்துவிட்டாள். கட்டிலில் வைத்துக் குனிந்து பார்த்தாள். நான் பக்கத்தில் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தேன்.

"இந்த நீல வட்டம் எல்லாம் என்னம்மா?"

"கிணறு."

"நாங்களும் கடற்கரையிலை கிணறு கிண்டினாங்கள். ஒரே உப்பு." விரலை அந்தத் தென்கோட்டின் மேல் வைத்து மெதுவாகக் கீழே இழுத்துக்கொண்டு போனாள். கடைசி வட்டத்தில் விரல் நின்றது. "இது எவ்வளவு தூரம்! இதிலை நல்ல தண்ணியோ?"

"அங்கை கிணறே இல்லைப் பிள்ளை" என்றேன்.

நான் நின்றது அவளுடைய இடது பக்கம். அவள் படத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சிரித்துக்கொண்டு தலையை ஆட்டினாள்.

"ஓம்" என்றாள்.